விசுவாசப் பிரமாணத்தில் பிலாத்துக்கு என்ன வேலை?

மார்ச் 24, 2025 (வாசகர் கேள்வி)

ஞாயிறுதோறும் "பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு" என்று சொல்கிறோம். யூதாஸ் பெயர் அதில் இல்லை, காய்பா பெயர் இல்லை, பேதுரு பெயர்கூட இல்லை. இயேசுவையும் மரியாளையும் விட்டால் இந்த ஒரு ஆள் பெயர்தான். அப்படி என்ன பெரிய தப்பு செய்துவிட்டான்? குற்றம் ஒன்றும் இல்லை என்று மூன்று தடவை சொன்னான். விடுதலை செய்யப் பார்த்தான், கூட்டம் விடவில்லை. கையைக் கழுவினான். கொல்லச் சொன்னவர்களை விட்டுவிட்டு, காப்பாற்றப் பார்த்தவனை இரண்டாயிரம் வருஷமாகக் கூண்டில் நிறுத்தி வைத்திருப்பது நியாயமா?

மார்ச் 24, இரவு

தம்பி, அவன் பெயர் அங்கே வந்தது முதலில் தேதிக்காக. ஆள்கிறவன் பெயரைச் சொல்லித்தான் அந்தக் காலத்தில் வருஷத்தைக் குறிப்பார்கள். லூக்கா மூன்றாம் அதிகாரத்தைத் திறந்தால் ரோமப் பேரரசன் திபேரியு ராயனின் பதினைந்தாம் வருஷம் என்று ஆரம்பித்து பிலாத்து, ஏரோது, பிலிப்பு, அன்னா, காய்பா என்று வரிசையாகப் பெயர்கள் வரும். பிலாத்து ரோமத் தேசாதிபதியாக யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. 1961இல் செசரியாவில் இத்தாலிய அகழாய்வுக் குழு ஒன்று அவன் பெயர் பொறித்த சுண்ணாம்புக் கல்லைக் கண்டெடுத்தது. பழைய அரங்கத்தில் யாரோ அதைப் படிக்கல்லாகப் போட்டிருந்தார்கள். எழுத்துகள் பாதி தேய்ந்து போயிருந்தாலும் திபேரியுவின் பெயரும் பிலாத்துவின் பெயரும் பதவியும் படிக்கிற அளவுக்கு இருக்கின்றன. நடந்தது எந்த நாட்டில், யார் ஆட்சியில் என்று பிரமாணம் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது.

ஆனால் தேதிக்கு மட்டும் என்றால் திபேரியு பெயரே போதுமே. மீதியை நாளைக்கு எழுதுகிறேன், கண் எரிகிறது.

மார்ச் 25

நான் குற்றவியல் நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். வேதபண்டிதன் இல்லை. இந்த அதிகாரங்களை வாசித்தால் எனக்குக் கேஸ் கட்டைப் பிரித்துப் பார்க்கிற புத்திதான் வருகிறது. அந்தப் புத்தியோடே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குற்றச்சாட்டு. பிரதான ஆசாரியன் காய்பாவின் முன்னால் வந்த குற்றம் தேவதூஷணம், அதாவது தேவனைப் பழித்துப் பேசியது. விடிந்ததும் அதே ஆளைத் தேசாதிபதியிடம் கொண்டுபோகிறார்கள். அங்கே முதலில் தேவதூஷணம் என்ற பேச்சே எழவில்லை. லூக்கா 23:2இல் புதிதாக மூன்று குற்றங்கள்: ஜனங்களைக் கலகப்படுத்துகிறான், ராயனுக்கு வரி கொடுக்க வேண்டாம் என்கிறான், தன்னை ராஜா என்கிறான். கோர்ட் மாறியதும் பிரிவும் மாறிவிட்டது. ரோமனுக்கு யூதர்களுடைய தேவனைப் பற்றிக் கவலை இல்லை, வரியும் ராஜ்யமும்தான் அவன் காதில் ஏறும் என்று அவர்களுக்குத் தெரியும். வரிக் குற்றச்சாட்டு பச்சைப் பொய். "இராயனுடையதை இராயனுக்கும்" என்று அதே வாரத்தில் தேவாலயத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறார், கேட்டவர்களே சாட்சி.

பிலாத்து மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறான். "நீ யூதருடைய ராஜாவா?" யோவான் எழுதியபடி பார்த்தால் விசாரணை ஒழுங்காகத்தான் நடக்கிறது. என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல, அப்படி இருந்திருந்தால் என் ஊழியக்காரர் போராடியிருப்பார்கள் என்று பதில் வருகிறது. ஆயுதம் இல்லை, ஆள் சேர்க்கவில்லை, ரோமுக்கு ஆபத்தில்லை. பிலாத்து வெளியே வந்து "நான் அவனிடத்தில் ஒரு குற்றமும் காணேன்" என்கிறான்.

கேஸ் அங்கே முடிந்தது, தம்பி. அந்த வாக்கியம்தான் தீர்ப்பு. அதற்குப் பிறகு கலிலேயாவை ஆண்ட ஏரோதிடம் அனுப்பியது, காவலில் கிடந்த பரபாஸை நிறுத்திப் பேரம் பேசியது, வாரால் அடித்தது, கை கழுவியது எல்லாம் விடுதலைத் தீர்ப்பைச் சொன்ன பிறகு நடந்தவை. காப்பாற்றப் பார்த்தான் என்று நீ சொல்கிறாய். கையெழுத்துப் போடாமல் தப்பிக்க வழி தேடினான் என்று எனக்குப் படுகிறது.

அதிலும் லூக்கா 23:16ஐ ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பார். குற்றம் ஒன்றும் காணவில்லை, ஏரோதும் காணவில்லை, "ஆனபடியால் இவனைத் தண்டித்து விடுதலையாக்குவேன்" என்கிறான். ஆனபடியால்! என் சர்வீஸில் விசித்திரமான உத்தரவுகளை எல்லாம் நகல் எடுத்திருக்கிறேன். குற்றம் செய்யாதபடியால் அடிக்கிறேன் என்று ஒன்றைப் பார்த்ததில்லை.

மார்ச் 26

ஒரு சின்ன விஷயம். யூதர்களின் பஸ்கா பண்டிகைச் சமயத்தில் தீட்டுப்படாமல் இருக்க, குற்றம் சாட்டினவர்கள் தேசாதிபதியின் அரண்மனைக்குள்ளே வரவில்லை என்று யோவான் எழுதுகிறார். ஆகவே பிலாத்து வெளியே போய் அவர்களிடம் கேட்கிறான், உள்ளே வந்து இயேசுவிடம் கேட்கிறான், மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. எங்கள் கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு வராந்தாவுக்கு ஓடுவது டவாலியின் வேலை. இங்கே நீதிபதியே டவாலி.

குற்றமற்றவனைக் கொல்லக் கேட்கிறவர்களுக்கு வாசற்படி தீட்டு. இதற்கு யோவான் ஒரு வார்த்தைகூட விமர்சனம் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை.

மார்ச் 29

ஏரோதைப் பற்றிக் கேட்ட திருச்சி சகோதரிக்கு.

முதலில் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பெத்லகேம் குழந்தைகளைக் கொன்ற ஏரோது கி.மு. 4இலேயே செத்துப்போனான். இது அவன் மகன் அந்திப்பா. கலிலேயாவுக்கும் பெரேயாவுக்கும் காற்பங்கு தேசாதிபதி, யோவான்ஸ்நானனின் தலையை வாங்கியவன். எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கும் பெரிய வெள்ளி நாடகத்துக்கும் ஒரே தாடி, ஒரே கிரீடம், பெரும்பாலும் ஒரே ஆள். அதனால் பிள்ளைகள் பாதிப் பேருக்கு இரண்டும் ஒரே ஏரோதுதான்.

ஏரோது முன்னால் நடந்த இந்த விசாரணையை லூக்கா மட்டும்தான் எழுதுகிறார். மற்ற மூவரிடமும் இல்லாததால் இது நடந்திருக்காது என்று சொல்கிற அறிஞர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏரோதின் காரியக்காரன் கூசாவின் மனைவி யோவன்னாள் இயேசுவோடு நடந்த பெண்களில் ஒருத்தி என்று எட்டாம் அதிகாரத்தில் சொல்வதும் இதே லூக்காதான். அரண்மனைச் செய்தி அவர் காதுக்கு வர வழி இருந்திருக்கிறது.

சட்டப்படி பிலாத்து இதைச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. குற்றம் நடந்த இடம் அவன் எல்லைக்குள். ஆள் கலிலேயன் என்று தெரிந்ததும் அனுப்பிவிட்டான். "இது எங்க சரகம் இல்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போ" என்பதைக் கேட்காத தமிழன் இருக்க முடியாது.

அந்திப்பாவுக்கு ஒரே சந்தோஷம். வெகுநாளாகப் பார்க்க ஆசைப்பட்டிருந்தான், ஏதாவது அற்புதம் செய்து காட்டுவார் என்று எதிர்பார்த்தான். நிறையக் கேள்வி கேட்டான். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. பிலாத்துவிடம் பேசுகிறவர் இவனிடம் வாயே திறக்கவில்லை. பிரசங்கங்களில் இதை ஏசாயா 53இன் மௌனத்தோடு சேர்த்துச் சொல்வார்கள், அது சரிதான். கூடவே இதையும் பார்க்க வேண்டும்: பிலாத்து கோழையாக இருந்தாலும் கேட்டது வழக்கைப் பற்றி. இவனுக்கு வேண்டியிருந்தது வேடிக்கை. யோவான்ஸ்நானன் இவனிடம் பேச வேண்டியதை எல்லாம் பேசிவிட்டுத்தான் செத்தான். "அந்த நரிக்குச் சொல்லுங்கள்" என்று இயேசுவும் முன்பே சொல்லி அனுப்பியாகிவிட்டது. இனி என்ன பேச?

வேடிக்கை கிடைக்காததால் அவனே வேடிக்கை செய்தான். மினுக்கான வஸ்திரம் உடுத்தித் திருப்பி அனுப்பினான். ராஜா என்று சொல்லிக்கொண்டவனுக்குப் பரிகாசம். இதே அந்திப்பாவுக்குக் கடைசிவரை ராஜா பட்டம் கிடைக்கவில்லை. மனைவி ஏரோதியாள் நச்சரித்து, திபேரியுவுக்கு அடுத்த ராயன் காலிகுலாவிடம் போய் அந்தப் பட்டத்தைக் கேட்கவைத்தாள். கி.பி. 39இல் பட்டமும் இல்லை, பதவியும் இல்லை, நாடுகடத்தல்தான் மிச்சம். யோசேப்பு என்ற யூத வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.

பிலாத்துவும் ஏரோதும் "அன்றையத்தினம் சிநேகிதரானார்கள்" என்ற வசனம் பிறகு. அதற்கு முன்னால் ஏன் பகை என்று சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 1

"யூதர்கள்தான் கொன்றார்கள், பிலாத்துவை விடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த வாக்கியத்தை இங்கே விட்டுவைக்க எனக்கு மனமில்லை.

சிலுவை ரோமருடைய தண்டனை. அறைந்தது ரோமச் சிப்பாய்கள், உத்தரவு ரோமத் தேசாதிபதியுடையது. ஒருவனையும் கொல்ல எங்களுக்கு அதிகாரமில்லை என்று யூதத் தலைவர்களே யோவான் 18:31இல் சொல்கிறார்கள். வாசலில் கத்தியது எருசலேமின் ஒரு கூட்டம், ஆசாரியர்கள் ஏவிவிட்டது. ஊரே இல்லை. அதே லூக்காவில் மார்பில் அடித்துக்கொண்டு பின்னாலே போகிற பெண்களும் யூதர்கள்தான். சிலுவையில் தொங்கியவரும் யூதர்.

இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக என்று கூட்டம் சொல்கிற மத்தேயு 27:25ஐப் பிடித்துக்கொண்டு ஐரோப்பாவில் நூற்றாண்டு நூற்றாண்டாக யூதர்களை அடித்திருக்கிறார்கள், பெரிய வெள்ளிப் பிரசங்கம் கேட்டுவிட்டு நேராகப் போய் அடித்ததும் உண்டு. அன்று வாழ்ந்த எல்லா யூதர்மேலும், இன்றைய யூதர்மேலும் இந்தப் பழியைப் போடக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் எழுதியே வைத்தது. இதைப் பற்றி இதற்குமேல் வாதம் வேண்டாம்.

ஏப்ரல் 2

தம்பி மறுபடி கேட்கிறான்: "கூட்டம் கலகம் செய்யும் என்று பயந்தான், பாவம். ஒரு அதிகாரி என்னதான் செய்வான்?"

இதற்குச் சுவிசேஷத்துக்கு வெளியே போக வேண்டும். பிலாத்துவைப் பற்றி யோசேப்புவும் அலெக்சாந்திரியாவின் பிலோவும் எழுதியிருக்கிறார்கள்.

பதவிக்கு வந்த புதிதில் ராயனின் உருவம் பதித்த படைக்கொடிகளை இரவோடு இரவாக எருசலேமுக்குள் கொண்டுவந்தான். ஜனங்கள் செசரியாவுக்குத் திரண்டுபோய் அவன் வீட்டைச் சுற்றி நாள்கணக்கில் கிடந்தார்கள். ஆறாம் நாள் சிப்பாய்களை விட்டு வளைத்து, வெட்டிவிடுவேன் என்றான். அவர்கள் தரையில் விழுந்து கழுத்தை நீட்டினார்கள். பிலாத்து இறங்கி வந்தான், கொடிகள் திரும்பிப் போயின.

அப்புறம் எருசலேமுக்குத் தண்ணீர் கொண்டுவர ஒரு கால்வாய். நல்ல திட்டம்தான், ஆனால் பணம் தேவாலயக் காணிக்கையிலிருந்து. கூட்டம் கூடிக் கத்தியது. இந்தத் தடவை சாதாரண உடுப்பில் தடியோடு சிப்பாய்களைக் கூட்டத்துக்குள்ளே முன்கூட்டியே கலந்துவிட்டிருந்தான். சைகை காட்டினான். அடியிலும் மிதியிலும் பலர் செத்தார்கள். கால்வாய் நின்றதாகத் தகவல் இல்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். கூட்டத்துக்குப் பணியவும் அவனுக்குத் தெரியும், கூட்டத்தை அடித்து விரட்டவும் தெரியும். பஸ்காவுக்குத் தேசாதிபதி செசரியாவை விட்டு எருசலேமுக்கு வந்து தங்குவதே கலகம் வந்தால் அடக்கத்தான், படையும் கூடவே வரும். தன் திட்டம் என்றால் தடி எடுத்தவன், ஒரு கலிலேயத் தச்சன் என்றதும் தாலத்தில் தண்ணீர் கேட்டான். பயம் இருந்திருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முடியவில்லை என்பது பொய். அந்த மனிதனுக்காக அவ்வளவு சிரமப்பட அவனுக்கு மனசில்லை.

எங்கள் கோர்ட்டில் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். பத்து பைசா வாங்காத மனிதர், கட்டை வரிவரியாகப் படிப்பார். ஒரு வழக்கில் ஒன்றுமில்லை என்று அறைக்குள்ளே எங்களிடம் வாய்விட்டே சொன்னார். வெளியே ஊர்ப் பெரிய மனிதர்களின் ஆட்கள் தினமும் நின்றார்கள். வாய்தா மேல் வாய்தாவாகப் போட்டு, மாறுதல் உத்தரவு வந்ததும் நிம்மதியாகக் கிளம்பினார். அந்த ஆள் அதுவரை உள்ளேதான் கிடந்தான். அவரைக் கெட்டவர் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பிலாத்துவைப் பற்றி நான் இவ்வளவு கறாராகப் பேசுவதற்கு அவரும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, பகை. பிலோ சொல்கிற கதை இது: எருசலேம் அரண்மனையில் பிலாத்து பொன் பூசிய கேடயங்களை வைத்தான், செத்துப்போன பெரிய ஏரோதின் நான்கு குமாரர்கள் உட்படப் பெரியவர்கள் எதிர்த்தார்கள், புகார் திபேரியு வரை போனது, கண்டித்துக் கடிதம் வந்தது, கேடயங்கள் செசரியாவுக்குப் போயின. நான்கில் அந்திப்பாவும் ஒருவனாக இருந்தால் பகைக்கு அதுவே போதும். கலிலேயரின் இரத்தத்தைப் பலிகளோடு பிலாத்து கலந்தான் என்று லூக்கா 13:1 வேறு சொல்கிறது, அவர்கள் அந்திப்பாவின் குடிமக்கள். கைதியை அனுப்பியது ஒரு மரியாதை, திருப்பி அனுப்பியது பதில் மரியாதை. இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே இப்படிச் சிநேகம் உண்டாவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், நடுவே எப்போதும் ஒரு ஆள் அலைந்துகொண்டிருப்பான்.

ஏப்ரல் 4

செயானுவைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டவருக்கு: திபேரியுவின் வலதுகையாக இருந்த செயானு கி.பி. 31இல் கொல்லப்பட்டான், பிலாத்து அவன் ஆள், ஆகவேதான் இவனை விட்டால் "நீர் இராயனுக்குச் சிநேகிதனல்ல" என்று கூட்டம் மிரட்டியதும் நடுங்கினான் என்பது வாதம். கேட்க அழகாக இருக்கிறது. எனக்கும் ஒரு காலத்தில் ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் பிலாத்து செயானுவின் ஆள் என்று பழைய ஏடு எதுவும் நேராகச் சொல்லவில்லை. சிலுவை கி.பி. 30இல் என்றால் வாதமே நிற்காது, 33 என்றால்தான் பொருந்தும். ராயனிடம் புகார் போகும் என்ற பயத்துக்குக் கேடய விவகாரம் மாதிரி ஒன்றே தாராளம்.

அந்த மிரட்டலில் என்னை உறுத்துவது அதற்குப் பின்னால் வருகிற வரிதான். "இராயனேயல்லாமல் எங்களுக்கு வேறே ராஜா இல்லை." சொன்னது பிரதான ஆசாரியர்கள். தேவனே ராஜா என்று சங்கீதம் பாடுகிறவர்கள், பஸ்கா சமயத்தில்.

ஏப்ரல் 7

போதகர் ஐயா ஒருவர் எழுதியிருப்பதன் சுருக்கம்: எல்லாம் தேவசித்தம், பிலாத்து வேறு மாதிரி செய்திருக்கவே முடியாது, ஆகவே அவனை ஆராய்வது வீண்.

ஐயா, அப்போஸ்தலர் 4:27, 28இல் ஆதிச் சபை செய்த ஜெபத்தில் ஏரோது, பொந்தியு பிலாத்து, புறஜாதியார், இஸ்ரவேல் ஜனங்கள் என்று எல்லாரையும் சொல்கிறார்கள், உம்முடைய ஆலோசனை முன்குறித்தது என்றும் சொல்கிறார்கள். இரண்டையும் ஒரே மூச்சில். ஒன்று மற்றொன்றை அழித்துவிடவில்லை.

சீர்திருத்தவாதி கால்வின் இதில் ஒரு நல்ல விஷயம் சொல்கிறார். இயேசு திருடர் கையிலோ கலவரத்திலோ செத்திருந்தால் போதாது, நியாயாசனத்தின் முன் குற்றவாளியாகத் தீர்க்கப்பட வேண்டியிருந்தது, நமக்கு வரவேண்டிய தீர்ப்பு அது என்கிறார். தீர்த்த அதே வாய் குற்றமற்றவர் என்றும் சொன்னதையும் காட்டுகிறார். 1563இல் வந்த, சீர்திருத்த சபைகளின் ஹைடல்பர்க் வினாவிடையின் 38ஆம் கேள்விக்கும் இதே பதில்தான். தம்பியின் முதல் கேள்விக்கு, தேதியைத் தாண்டி, எனக்குத் தெரிந்த நல்ல பதில் இது: சபைக்கு ஒரு நீதிபதியின் பெயர் வேண்டியிருந்தது.

ஆனால் இதைப் பிரசங்கத்தில் கேட்கிறபோது பிலாத்து ஏதோ தேவனுடைய ஸ்டாம்ப் பேடு மாதிரி ஆகிவிடுகிறான். "பரத்திலிருந்து உமக்குக் கொடுக்கப்படாதிருந்தால், என்மேல் உமக்கு ஒரு அதிகாரமுமிராது" என்று இயேசு சொன்னது அவனுக்கு விடுதலைப் பத்திரம் இல்லை. கொடுத்தவர் கணக்குக் கேட்பார் என்பதும் அதில் இருக்கிறது. என்னை ஒப்புக்கொடுத்தவனுக்கு அதிக பாவமுண்டு என்று இயேசு தொடர்ந்து சொல்வதை, பொறாமையால் ஒப்புக்கொடுத்தவன், மேலிடத்துக்குப் பயந்து கொன்றவனைவிட அதிக பாவி என்று பழைய சபைப் பிதா அகுஸ்தீன் விளக்குகிறார். அதற்காகப் பிலாத்து பாவமில்லாதவன் ஆகிவிடவில்லை என்றும் அவரே சேர்த்துச் சொல்கிறார்.

ஏப்ரல் 9

கொஞ்சம் திசைமாறிப் போகிறேன். வேறு மாதிரி செய்திருக்கவே முடியாது என்கிறவர்கள் அப்போஸ்தலர் 18ஐப் பார்க்கலாம். கொரிந்துவில் பவுலை இழுத்துக்கொண்டு போய் அந்த நாட்டுத் தேசாதிபதி கல்லியோன் முன் நிறுத்துகிறார்கள். பவுல் வாய் திறக்குமுன்பே கல்லியோன், இது உங்கள் வேதத்தைப் பற்றிய சண்டை, இதை நான் விசாரிக்கமாட்டேன் என்று எல்லாரையும் நியாயாசனத்தை விட்டுத் துரத்திவிட்டான். அவனும் ரோமன், அவனிடமும் கூட்டம் வந்தது. அவனும் ஒன்றும் யோக்கியனில்லை, தன் கண்முன்னே சொஸ்தேனேயை அடித்தபோது பார்த்துக்கொண்டிருந்தான். ஆனாலும் பவுல் நடந்து வெளியே போனார்.

பின்னாளில் யூதேயாவை ஆண்ட தேசாதிபதி பேலிக்ஸ் கதை இன்னும் எங்கள் ஊர்க் கதை. பணம் கிடைக்கும் என்று இரண்டு வருஷம் பவுலைக் காவலில் வைத்து அடிக்கடி கூப்பிட்டுப் பேசினான். பவுல் ரோமக் குடிமகன் என்பதால், பேலிக்ஸுக்கு அடுத்து வந்த பெஸ்துவிடம் "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று சொல்ல முடிந்தது. நாசரேத்துக்காரருக்கு அப்பீல் கிடையாது. "நியாயமாய்த் தீர்ப்புசெய்கிறவருக்குத் தம்மை ஒப்புவித்தார்" என்று பேதுரு எழுதுவதை அதற்குப் பக்கத்தில் வைத்தால், அவருக்கிருந்த ஒரே மேல்முறையீடு அது.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

மைத்துனி வீட்டுக்கு வந்ததால் அவர்களோடு கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனேன். இந்த வருஷம் அவர்களுக்கு லூக்காவின் பாடுகள், ஏரோது பகுதியும் சேர்த்து. ஒருவர் இயேசுவாக, ஒருவர் மற்றவர்களாகப் பிரித்து வாசிக்கிறார்கள். கூட்டத்தின் வரிகள் வரும்போது ஜனங்கள் எல்லாரும் சேர்ந்து "சிலுவையில் அறையும்" என்று சொல்ல வேண்டும். நானும் சொன்னேன். பக்கத்தில் ஒரு சின்னப் பையன் உற்சாகமாகக் கத்தினான், அவன் அம்மா தொடையில் கிள்ளினாள்.

பிலாத்துவின் வரிகளை எடுத்தவர் நல்ல குரல்காரர். கேட்கிறபோது பரிதாபம் வரத்தான் செய்தது, தம்பி. இரண்டு வாரமாக நான் எழுதியது எல்லாம் இருந்தும் வந்தது.

ஏப்ரல் 16

பிலாத்துவின் மனைவியைப் பற்றி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். மத்தேயு ஒரே வசனம் எழுதுகிறார், பெயர்கூட இல்லை. "அந்த நீதிமானை ஒன்றும் செய்யவேண்டாம்" என்று ஆள் அனுப்புகிறாள். நியாயாசனத்தில் உட்கார்ந்திருக்கிற கணவனுக்கு வீட்டிலிருந்து சீட்டு. புரோக்குலா என்ற பெயர் பின்னால் வந்தது, கிரேக்க சபைகள் அவளைப் பரிசுத்தவதியாக நினைவுகூருகின்றன. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபை ஒருபடி மேலே போய்ப் பிலாத்துவையே பரிசுத்தவானாக வைத்திருக்கிறது. அவன் மனச்சாட்சியில் ஏற்கெனவே கிறிஸ்தவன் என்று ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதினார். அவன் தற்கொலை செய்துகொண்டான் என்று சபை வரலாறு எழுதிய யூசேபியு எழுதினார். ஆக, உன் கட்சிக்கும் பழைய ஆதரவு இருக்கிறது, தம்பி.

உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்: கெரிசீம் மலையில் கூடிய சமாரியரை வெட்டியதற்காகப் புகார் போய், ரோமுக்குத் திருப்பி அழைக்கப்பட்டான். அவன் போய்ச் சேருவதற்குள் திபேரியு செத்துவிட்டான். விசாரணை நடந்ததாகப் பதிவில்லை.

ஏப்ரல் 22

அடுத்த வருஷம் எருசலேம் போகிறேன், பிலாத்து விசாரித்த இடத்தைக் காட்டுவார்களா என்று கேட்ட சகோதரிக்கு. சிலுவைப்பாதை அந்தோனியா கோட்டை இருந்த பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும், எல்லாக் குழுக்களையும் அங்கேதான் கூட்டிப்போவார்கள். "இதோ, இந்த மனுஷன்" என்ற பெயரில் ஒரு வளைவும் கல்தளமும் காட்டுவார்கள், அவை அதற்கு ஒரு நூற்றாண்டு பிந்திய அத்ரியான் காலத்தவை. இப்போது பல அறிஞர்கள் பிலாத்து தங்கியது நகரத்தின் மேற்கே, யோப்பா வாசல் பக்கம் இருந்த ஏரோதின் அரண்மனையில் என்கிறார்கள், அவன் நியாயாசனத்தில் உட்கார்ந்த கபத்தா என்ற கல்தள மேடை அங்கேதான் இருந்திருக்க வேண்டும். தாவீது கோபுர அருங்காட்சியகத்தை ஒட்டி கிஷ்லே என்று ஒரு கட்டடம் இருக்கிறது. தரையைத் தோண்டியபோது அந்த அரண்மனையின் அடித்தளச் சுவர்கள் வந்தன. துருக்கியர் காலத்திலும் பிரிட்டிஷ்காரர் காலத்திலும் அது ஜெயில். சுற்றுலா நிரலில் பெரும்பாலும் இருக்காது, வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.